‘அன்னே’ன்னா அம்மா!

ஹீரோயின் ‘அன்னே’ன்னு கூப்பிட்டா அண்ணன் வரமாட்டார் பாஸ்... அம்மா வருவாங்க! துருக்கி பாஷையில அப்படித்தான். எங்க ரமணாசிரமம் ஏரியா லேடீஸ் ஹாஸ்டல்ல இப்போ இதான் காமெடி. ஒரே மொபைல், நாலு தலை, இங்கிலீஷ் சப்டைட்டில்.

சீரியல் பேரு ‘ஃபெரிஹா’. 2011-ல துருக்கியில ஆரம்பிச்சது. 2015-ல ஜிந்தகி சேனல் இந்தியில டப் பண்ணிப் போட்டாங்க. பாகிஸ்தான்லேர்ந்து கஜகஸ்தான் வரைக்கும் துருக்கி சீரியலுக்கு ரசிகர்கள் உண்டு. பங்களா, கார், கண்ணீர்... இதெல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குமேங்கிறீங்களா? கதையைக் கேளுங்க.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பொண்ணு, ஸ்காலர்ஷிப்ல பணக்கார காலேஜுக்குப் போறா. அங்கே தானும் பணக்காரின்னு காட்டிக்கிறா. இவ்ளோதான்!

கமென்ட் அடிச்சுக்கிட்டே பார்க்கிற என் ரூம்மேட், அந்த இடத்துல சைலன்ட். அவங்கப்பாவுக்குத் தள்ளுவண்டி இட்லிக் கடை. கிளாஸ்ல கேட்டா ‘ஹோட்டல் பிசினஸ்’ம்பா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த வண்டி கிரிவலப் பாதைக்கு வரும். அன்னிக்கு மேடம் ரூமை விட்டு இறங்கவே மாட்டாங்க. (எழுதட்டுமான்னு கேட்டேன். ‘பேரு மட்டும் போடாதடி’ன்னா.)

நேத்து லைட்டை அணைச்சப்புறம் மெதுவா கேட்டா: “ஃபெரிஹா கடைசியில மாட்டிப்பாளா?”

எனக்கு முடிவு தெரியும். சொல்லலை.