அயோவா சோள வயல் நடுவே லோரிகளின் ஊர்

சிக்காகோவிலிருந்து மேற்கு நோக்கி இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டினால் மிசிசிப்பி ஆறு குறுக்கிடும். பாலத்தைக் கடந்தால் அயோவா மாநிலம். ஜூலை மாதத்தில் சாலையின் இரு பக்கமும் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிற்கும். அடுத்த அரை மணி நேரத்துக்குள் 284-ஆம் வெளிவழி வந்துவிடும். அங்கே இருப்பது வால்காட் என்ற சிற்றூர். அமெரிக்கா போகிற நம்மவர்களின் பட்டியலில் நயாகராவும் நியூயார்க்கும் இருக்கும், வால்காட் இருக்காது. நான் போனது ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, பழைய லோரிகளை அளந்து வர.

மாதிரி லோரி செய்வது என் ஓய்வு நேர வேலை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, சாயம் பூசி, நிஜ லோரியின் 25-இல் ஒரு பங்கு அளவில் உருவாக்குவது. ஒரு மீட்டர் நீளம் நான்கு சென்டிமீட்டராகிவிடும். 40 அடி டிரெய்லர் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். முன்னால் வண்டியையும் மாட்டினால் அடுக்குமாடி வீட்டின் புத்தக அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் போய்விடும். வீட்டில் இதற்கு அனுமதி வாங்குவது தனிக் கதை.

பல் மருத்துவரும் உண்டு

வால்காட்டில் இருக்கும் 'அயோவா 80', உலகின் மிகப் பெரிய லோரி ஓய்வுத்தலம் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. நம் தாப்பா ஓய்வுத்தலத்தைப் பல மடங்கு பெருக்கி, அதை லோரிக்காரர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். உணவகம், குளியலறைகள், துணி துவைக்கும் இடம், முடிதிருத்துநர், திரையரங்கு எல்லாம் உண்டு. வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநருக்குப் பல் வலித்தால் பார்க்க ஒரு பல் மருத்துவரும் இருக்கிறார்.

இது 1964-இல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் சிறிய நிலையமாகத் தொடங்கியது. மறு ஆண்டு பொறுப்பேற்ற பில் மூன், 1984-இல் குடும்பத்தோடு சேர்ந்து இதை விலைக்கு வாங்கினார். பழைய லோரிகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. அந்தச் சேகரிப்புதான் இன்று பக்கத்திலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குதிரை வண்டியிலிருந்து குதிரையை மட்டும் கழற்றியதுபோல் இருந்த லோரியிலிருந்து, குரோம் மின்னும் நீள மூக்கு வண்டிகள் வரை பார்க்கலாம்.

மூக்கு ஏன் நீண்டது?

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுத்து வரும் பிரைம் மூவர் எல்லாமே தட்டை முகம்தான். ஓட்டுநர் இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். அமெரிக்க லோரி என்றாலோ நம் மனத்தில் வருவது நீண்ட மூக்கு. இந்த வேறுபாட்டுக்கு ரசனை மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம்.

ஒரு காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் லோரியின் முன் பம்பர் முதல் டிரெய்லரின் வால் வரை மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. முகப்பு குட்டையாக இருந்தால் அந்த வரம்புக்குள் டிரெய்லர் நீளும், சரக்கும் கூடும். அதனால் அங்கேயும் தட்டை முக லோரிகள் ஏராளமாக ஓடின. வரம்பு தளர்ந்திருந்த மேற்கு மாநிலங்களில் நீள மூக்குக்கு இடம் கிடைத்தது. 1982-இல் வந்த மத்திய சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மாநில வரம்புகளை விலக்கி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. அதன்பின் தட்டை முகம் அமெரிக்கச் சாலைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

நீள மூக்குக்குப் பெயர்பெற்ற இரு நிறுவனங்களும் மேற்குக் கரையில் பிறந்தவை. கென்வொர்த் 1923-இல் சியாட்டலில் தொடங்கியது. கென்ட், வொர்திங்டன் என்ற இருவரின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. பீட்டர்பில்ட், பீட்டர்மன் என்ற மர வியாபாரி தொடங்கியது. காட்டிலிருந்து மரம் இழுக்கத் தோதான லோரி வேண்டுமென்று, நொடித்துப்போன ஒரு லோரி ஆலையை வாங்கி 1939-இல் தாமே செய்யத் தொடங்கினார். ஸ்பீல்பெர்க் இயக்கிய 'டூயல்' படத்தில் கார்க்காரரைத் துரத்துமே, அந்த அழுக்கு லோரி பீட்டர்பில்ட் 281 ரகம். அதற்குப் பிறகு 1967-இல் வந்தது 359. இருபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்த இந்த ரகத்தைத்தான் நான் அளக்கப் போனேன்.

பளபளப்பு மறைக்கும் வரலாறு

அருங்காட்சியகத்தில் அளவுகள் தாராளமாகக் கிடைத்தன. சக்கர விட்டம், டீசல் தொட்டியின் நீளம், புகைபோக்கியின் உயரம் என்று குறிப்பேடு நிறைந்தது. ஆனால் புதுப்பித்த வண்டியைப் பார்த்துச் செய்தால் வருவது புதுப்பித்த வண்டியின் மாதிரிதான், 1972-இல் சாலையில் ஓடிய லோரியின் மாதிரி அல்ல. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் ஆசையோடு செய்கிறார்கள். அப்போது சாயம் ஆலையிலிருந்து வந்ததைவிட ஆழமாக மின்னுகிறது. பழைய டயர் கிடைக்காதபோது இன்றைய ரேடியல் டயர் ஏறுகிறது. கூரை விளக்குக்குள் எல்இடி வந்துவிடுகிறது. 1970-களில் வந்த கேட்டர்பில்லர் 3406 இன்ஜின் 1968 வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். வரலாற்றுக்குப் பொருந்த மாதிரி செய்பவர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 359 என்றால் போதாது, எந்த ஆண்டின் 359 என்று முடிவு செய்ய வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அதன் கதவும் மூக்கும் பெரிதாகிவிட்டன. பழைய கதவோடு புதிய மூக்கைச் சேர்த்தால் அப்படி ஒரு லோரி உலகத்திலேயே இருந்திருக்காது.

எண் பட்டையும் ஆண்டைச் சொல்லிவிடும். அந்தக் காலத்தில் ஒரு லோரி எத்தனை மாநிலங்களில் ஓடுகிறதோ அத்தனை மாநிலங்களின் பட்டையையும் மாட்டியிருக்க வேண்டிய நிலை இருந்தது. பழைய புகைப்படங்களில் லோரியின் முகத்தில் ஐந்தாறு பட்டைகள் வரிசையாகத் தொங்கும். அதைப் படித்தாலே அந்த ஓட்டுநர் எங்கெங்கே போனார் என்று தெரிந்துவிடும். 1973-இல் மாநிலங்களுக்கிடையே ஒரு பதிவு உடன்பாடு உருவாகி, ஒவ்வொரு மாநிலமாக அதில் சேரச் சேர அந்த வரிசை காணாமல் போனது. 25-இல் ஒரு பங்கில் ஒரு பட்டை 12 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் உயரம். ஒட்டுவதற்கு இடுக்கி வேண்டும். ஆனாலும் அந்த ஆறு பட்டைகள் இல்லாவிட்டால் லோரிக்கு ஊரே இல்லை.

இடப்பக்கப் படி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இங்கே லோரிக்காரர் திருவிழா நடக்கிறது. 1979-இல் தொடங்கியது. அலங்கார லோரிகளுக்கு அழகுப் போட்டி உண்டு, பழைய லோரிகளின் அணிவகுப்பு உண்டு. பரிசு வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நெரிய, ஓரமாக நின்றிருந்த ஒரு 359-இடம் நான் போனேன். அதன் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். அளந்துகொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாகச் செய்யச் சொல்லிவிட்டு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

ஏறும் படியைக் காட்டினார். இடப்பக்கப் படியின் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. வலப்பக்கப் படி கூர்மை மாறாமல் இருந்தது. இடப்பக்கக் கதவில், சன்னலுக்குக் கீழே ஒரு கையளவு இடத்தில் சாயம் போய் உலோகம் தெரிந்தது. அங்கே இடப்பக்கம் அமர்ந்துதான் ஓட்டுவார்கள். முழங்கை அந்த இடத்தில்தான் இருக்கும். "வலப்பக்கம் ஏற யாருமில்லை. தனியாகத்தான் ஓடினேன்" என்றார். அதை எந்தப் பெட்டியிலும் வரும் செய்முறைத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள். குறிப்பேட்டில் முதலில் அதைத்தான் எழுதினேன்.

ஊர் திரும்பி அந்த லோரியைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. இடப்பக்கப் படியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன், வலப்பக்கத்தைத் தொடவில்லை. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் குரோமைத்தான் பாராட்டுகிறார்கள். லோரி ஓட்டிய ஒரு பெரியவர் மட்டும் குனிந்து படியைப் பார்த்துவிட்டு, "ஆள் கூட இல்லாத ஓட்டம்போல" என்றார்.

அமெரிக்க லோரிகளுக்காவது கிட்டும், படமும், அருங்காட்சியகமும் இருக்கின்றன. நம் நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய பெட்ஃபோர்டு லோரிகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. உங்கள் தாத்தாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ ஓட்டிய வண்டி ஏதாவது கொட்டகையில் இன்னும் நின்றால், இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஓர் அளவு நாடா எடுத்துப் போங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள், அளவுகளை எழுதுங்கள், ஓட்டியவர் இருந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள். மாதிரி செய்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.