தனுஷ்கோடி

மக்கள் நாடிச் செல்லும் இடங்களின் சிறப்பு என்றும் ஒரு தன்மையாக இருப்பதில்லை. மக்கள் நிறைந்த ஊர் வெறுமையுறுவதும், மறக்கப்பட்ட ஊர் மீண்டும் நாடப்படுவதும் உலகியல்பு. இவ்விரு நிலைகளையும் கண்டது தனுஷ்கோடி.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ளது இவ்வூர். தனுசு என்பது வில். கோடி என்பது முனை. சேதுக்கடலில் நீராடிய பின்னரே காசி யாத்திரை நிறைவுறும் என்பது பெரியோர் நம்பிக்கை. ஆதலின் அடியார் பலர் நெடுந்தொலைவு கடந்து இங்கு வந்தனர்.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் இலங்கை செல்வோர் சென்னையில் 'போட் மெயில்' புகைவண்டி ஏறித் தனுஷ்கோடியில் இறங்கினர்; அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்தனர். அஞ்சல் நிலையமும் சுங்க அலுவலகமும் விடுதிகளும் கொண்டு ஊர் பொலிவுற்றது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு பெரும்புயல் வீசியது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி அலைவாய்ப்பட்டது. அதில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். மக்கள் வாழத் தகாத இடம் என அரசினர் அறிவித்தனர். தண்டவாளம் மணலில் புதைந்தது. கப்பல் போக்குவரத்தும் இராமேசுவரத்திற்கு மாறியது. பின்னர்ப் பல்லாண்டுகள், இராமேசுவரம் வந்தவருள் சிலரே மணலில் நடந்தோ, மணலில் செல்லவல்ல வண்டிகளில் ஏறியோ இங்கு வந்து சென்றனர்.

2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. மீண்டும் கூட்டம் பெருகியது. முன்னாளில் வந்தவர் நீராடவும் கடல் கடக்கவும் வந்தனர். இந்நாளில் வருவோர் கடலின் எழிலையும், இடிந்த தேவாலயத்தையும், சிதைந்த புகைவண்டி நிலையத்தையும் காண வருகின்றனர். ஊர் வாழ்ந்தபோது எவரும் நின்று நோக்காத சுவர்கள், வீழ்ந்தபின் காட்சிப் பொருளாயின!

வருவோர் கூடினும் குறையினும் இக்கரையை விட்டு நீங்காதவர் மீனவரே. ஊர் அழிந்த பின்னும் அவர்களுள் சில குடும்பத்தினர் குடிசை கட்டி, மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்து, அதே கடலில் வலை வீசி வாழ்ந்தனர். அவர்களுக்குத் தனுஷ்கோடி வேடிக்கை பார்க்கும் இடமன்று, வீடு.

ஆதலின் அங்குச் செல்வோர் சுவரில் பெயர் கீறுதலும், கரையில் குப்பை எறிதலும் தகா. வீழ்ந்த சுவர் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒருகால் விளக்கு எரிந்தது என்பதை நினைந்து, சிறிது நேரம் அமைதியாக நிற்றலே மாண்டோர்க்கும் வாழ்வோர்க்கும் செய்யும் மரியாதை ஆகும்.