டீ டைமில் கேட்ட ஒரு கேள்வி

திருப்பூரில் காலை எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும். அந்த ஓவர்லாக் டெய்லர் எட்டேகாலுக்கே வந்து, மெஷினைத் துடைத்து நூல் கோத்து வைத்துவிடுவார். உசிலம்பட்டிப் பக்கத்து கிராமம் அவருக்கு. பத்து வருஷத்துக்கு முன் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தவர். இப்போது வயது 36.

2025 ஆகஸ்ட் 27-ம் தேதி, இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவிகிதமாக உயர்ந்தது. அவர் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்தது. குழு லோன் தவணை மட்டும் மெலியவில்லை.

முதலில் போனது தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால், விடியும்வரை சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அப்புறம் பசி போனது. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடும், மனசு எங்கேயோ நிற்கும். ஆல்ட்ரேஷன் பீஸ் குவிந்தது. சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார்.

'மனசு சரியில்லை' என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'தலை பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது' என்றுதான் சொன்னார். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் மனவலியை உடம்பு வலியாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு கிளினிக்கில் 'சத்துக் குறைவு' என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமியார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். ராத்திரி தூங்குகிறாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் செக்கிங் அக்கா. படித்தது எட்டாவது. பிறந்து வளர்ந்தது அனுப்பர்பாளையம். ஒரு நாள் டீ டைமில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, பத்து நாளா நானும் பாக்கறேன். வடையக் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறே. என்னாச்சு சாமி?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா விடவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதா?"

அதுவரை யாரிடமும் அழாதவர் அங்கேயே உடைந்து அழுதார்.

இப்படி நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். அன்போடு கேட்கும்போது பாரம் இறங்குகிறது. உதவிக்கும் வழி பிறக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருந்து 14416-க்கு அழைத்தார்கள். இது 'டெலி மானஸ்'. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண் அவசரப்படவில்லை. தூக்கம், சாப்பாடு, கடன், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தப்பான எண்ணம் வரும் நேரத்தில் உடனே யாரைக் கூப்பிடலாம் என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள். கடைசியில், "நீங்க ஒரு டாக்டரையும் நேர்ல பாக்கணும்மா" என்றார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. திருப்பூரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். ஆனால் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டியது காலையில். மெஷினில் உட்கார வேண்டியதும் காலையில். போனால் அரை ஷிப்ட் கூலி போகும். அது இரண்டு நாள் காய்கறிச் செலவு. வீட்டுக்காரரோ, "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்டயா? லைன் வீட்டுல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்றார்.

மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அக்கா தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். பிறகு சூப்பர்வைசரிடம் பேசி அரை நாள் பர்மிஷன் வாங்கி, கூடவே பஸ் ஏறினார். டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். "மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது" என்றார்.

இவராவது ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டார். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலப் பிரச்னை உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. டாக்டர்கள் போதாது என்பது ஒரு காரணம். டாக்டர் இருக்கும் நேரத்தில் தொழிலாளி போக முடியாது என்பது இன்னொன்று.

அப்படியானால் உதவி தொழிலாளியைத் தேடி வர வேண்டும். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அதைச் செய்து காட்டினார். டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த அந்த நாட்டில், 2006-ல் அவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகங்களில் மர பெஞ்ச் போட்டு உட்காரவைத்தார். வந்தவர்களின் கவலையை அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பிரச்னையைப் பிரித்துப் பார்த்து அடுத்த அடி எடுத்துவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன் இருந்ததை 2016-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. நம் கோவாவிலும் விக்ரம் படேல் குழுவினர் சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று நிரூபித்தார்கள். இவர்கள் டாக்டருக்கு மாற்று அல்ல. தேவைப்படுகிறவரை டாக்டரிடம் கொண்டு சேர்க்கும் பாலம்.

திருப்பூரில் அந்த பெஞ்ச் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் டீ குடிக்கும் இடம்தான் அது. 500 தொழிலாளர்களுக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அப்படி ஒருவருக்கும், லைனுக்கு ஒரு செக்கிங் அக்காவுக்கும் சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். வாரத்தில் ஒரு மாலையோ, ஞாயிற்றுக்கிழமையோ மனநல ஓ.பி. நடந்தால் அரை ஷிப்ட் கூலியும் மிஞ்சும்.

உரிமைகளும் இருக்கின்றன. மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு, டாக்டர் சான்று கொடுத்தால், நோய்க்கால விடுப்புக்கு 70 சதவிகிதக் கூலி உண்டு. மனச்சோர்வுக்கும் அது பொருந்தும். ஆனால், பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பலரிடம் அந்த அட்டையே இல்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

அவருக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விடிகாலை ஐந்து மணிவரை தூங்குகிறார். ஆல்ட்ரேஷன் குறைந்திருக்கிறது. மருந்து வாங்க வீட்டுக்காரரே ஒருமுறை கூட வந்தார். வார்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றார்.

போன வாரம், கைமடிக்கும் ஒடிசாப் பெண் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பாஷை தெரியாது. இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வடையைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தார். 14416-ல் ஒடியாவிலும் பேசலாம் என்பது அவருக்குத் தெரியும். நம்பரை அழுத்தி, போனை அந்தப் பெண் கையில் கொடுத்தார்.

(மனம் தளரும் நேரத்தில் தயங்காமல் பேசுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசு உதவி எண் 104, சென்னை சிநேகா 044-24640050.)