உத்திரமேரூர் டு திருச்செந்தூர்... மடியில் ஒரு குட்டிப் பயணி!

"டிக்கெட் போட்டாச்சு" என்று மகன் சொல்லி முடிப்பதற்குள் வீட்டு ஆயாவிடமிருந்து கேள்வி வந்து விழும். "ஏம்பா, பச்சக் குழந்தைய வானத்துல தூக்கிட்டுப் போகணுமா?"

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்து கிராமம் ஒன்றில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரகடம் தொழிற்சாலையில் வேலை. குழந்தைக்கு ஒன்பது மாதம். திருச்செந்தூரில் முதல் மொட்டை என்று வேண்டுதல். ரயிலில் போய்வந்த குடும்பம், இந்த முறை விமானத்தில் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறது. குழந்தைக்கு மட்டுமல்ல, அம்மா, அப்பாவுக்கும் இதுதான் முதல் விமானம்.

இந்தப் பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தூளி கட்டுவது, அழுகையை வைத்தே பசியா வயிற்று வலியா என்று சொல்வது... எல்லாவற்றுக்கும் வீட்டில் ஆயாதான் பாடப்புத்தகம். விமானப் பயணம் மட்டும் அந்தப் பாடப்புத்தகத்தில் இல்லை. அதனால்தான் வீடே பதறுகிறது. பதறத் தேவையில்லை. ஆனால், தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

ஏழு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம்!

முதலில் ஒரு கணக்கு. உத்திரமேரூர், காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச்சேர, வழியில் ஒருமுறை பால் கொடுக்க நிறுத்தினால், இரண்டரை மணி நேரம். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து திருச்செந்தூருக்குச் சாலை வழியே இன்னும் சுமார் ஒரு மணி.

கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம். குழந்தை வானத்தில் இருக்கப்போவது அதில் ஒன்றரை மணி நேரம்தான். வீட்டில் எல்லோரும் பயப்படுவது அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு. குழந்தை களைத்துப்போவதோ மீதி ஐந்தரை மணி நேரத்தில். வெயில், புழுக்கம், வரிசை, தள்ளிப்போன தூக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ரயிலையும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை திருச்செந்தூர். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே கிடையாது. மேல் படுக்கையில் புடவையைக் கட்டித் தூளி ஆட்டலாம். எதிர் சீட்டு அக்கா கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்வார். விமானத்தில் தூளிக்கு வழியில்லை. ஆனால், ஓர் இரவு முழுக்கக் கண் விழிக்க வேண்டியதில்லை. எது வசதி என்பதை அந்தந்த வீட்டுக் கையிருப்பும் குழந்தையின் உடம்பும் முடிவு செய்யட்டும்.

டிக்கெட்டில் குழந்தை பெயர்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயமில்லை. பெற்றவர் மடியிலேயே வரலாம். ஆனாலும் டிக்கெட் உண்டு. உள்நாட்டு விமானங்களில் இது பெரும்பாலும் ஒரு நிலையான கட்டணம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'மடியில்தானே உட்காரப்போகிறது' என்று குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு, கவுன்டரில் போய்த் தவிக்க வேண்டாம். ஏஜென்ட் மூலம் எடுத்தாலும், குழந்தையின் பெயர் டிக்கெட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போகும்போது இரண்டு வயது முடியாமல், திரும்பும்போது முடிந்திருந்தால், திரும்பும் பயணத்துக்கு முழு டிக்கெட் எடுக்க வேண்டும்.

வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்ப காலத்திலேயே கிராம சுகாதார செவிலியர் பதிந்து கொடுக்கும் பிக்மி எண்தான் இந்தச் சான்றிதழுக்கும் அடிப்படை. பெயர் சேர்த்த பிரதியை ஆன்லைனில் இறக்கிக்கொள்ளலாம். போனில் ஒன்று, பையில் அச்சிட்ட நகல் ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான். நாளை பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு தடுப்பூசி அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வரும். நம் கிராமங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். புதன் ஊசி, வியாழன் விமானம் என்று வைத்தால், காய்ச்சலோடு சிணுங்கும் குழந்தையுடன் போக வேண்டியிருக்கும். நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயம் அல்லது நுரையீரல் பிரச்னை உள்ள குழந்தை, காதில் சீழ் அல்லது கடும் சளி இருக்கும் குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே வேண்டாம். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கும் இதுவே பொருந்தும்.

பானைக்குள் போன பிஞ்சுக் கை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவர்களில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்திருக்கிறார்கள். உறுப்பினராக 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால், ஓலையை எடுத்தது பெரியவர்கள் இல்லை. உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்!

குழந்தையோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தச் சுவர்களைக் காட்டிவிட்டுப் போகலாம். இப்போது புரியாது. பிறகு போட்டோவைக் காட்டிச் சொல்லலாம்.

காரில் போகிறவர்கள் புக்கத்துறை கூட்டுச்சாலையில் ஜி.எஸ்.டி ரோட்டைப் பிடித்து, செங்கல்பட்டு, தாம்பரம் வழியாகப் போவார்கள். கார் வாடகை கட்டுப்படி ஆகாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். காலை நெரிசல் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 என இரண்டு இடங்களிலிருந்து கிளம்புகின்றன. எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு இறங்கினால், குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.

இந்த மாவட்டத்துக்குள்ளேயே, பரந்தூரில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என 2022-ல் அறிவிக்கப்பட்டது. நிலமும் ஏரியும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் போராடத் தொடங்கியதும் அப்போதுதான். காஞ்சிபுரம் கிராமங்களில் 'ஏர்போர்ட்' என்ற சொல் சிலருக்கு ஆசை, சிலருக்குக் கவலை.

அரைஞாண் கொடியும் கீச்சொலியும்

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையையும் சோதிப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அம்மாவின் கையில் இருக்கும்போதே பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம், பெண் காவலர்கள். வெள்ளி அரைஞாண் கொடி, கொலுசு, காப்பு எல்லாம் போட்டிருந்தால் கருவி 'கீச்' என்று கத்தலாம். ஆயா ஆசையாகப் போட்டுவிட்டதைக் கழற்றி ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டால், திருச்செந்தூர் போய்ப் போட்டுவிடலாம்.

பயண நேரத்துக்குத் தேவையான பால், வெந்நீர், கஞ்சி, மருந்து ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துப்போக அனுமதி உண்டு. சோதனையில் கேட்டால் திறந்து காட்டினால் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. கொப்பரைத் தேங்காயை லக்கேஜில் வைக்கவும் தடை இருக்கிறது. எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்பதால்.

கைப்பையில் நாப்கின், மாற்று உடை இரண்டு செட், பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று. விமானத்துக்குள் ஏ.சி குளிர் அதிகம். புதுப் போர்வையை விட, ஆயாவின் வாசனை இருக்கும் அந்தத் துணியில்தான் குழந்தை சீக்கிரம் தூங்கும். அம்மாவுக்கும் ஒரு மாற்று உடை வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் நனைவது இருவரும்தான்!

கொடைக்கானல் ஏறி இறங்குவது போல...

விமானத்தில் குழந்தை ஏன் அழுகிறது? பெரும்பாலும் காதுதான் காரணம். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படும். அதாவது, கொடைக்கானல் ஏறி இறங்குவது மாதிரி. மலைப்பாதையில் நமக்குக் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் 'பட்' என்று திறக்கும். அதே விஷயம்தான். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. விழுங்கச் சொன்னால் அதற்குப் புரியாது.

அதனால் பால்தான் மருந்து. விமானம் மேலே ஏறும்போது ஒருமுறை, இறங்கத் தொடங்கும்போது ஒருமுறை தாய்ப்பாலோ பாட்டில் பாலோ கொடுங்கள். வலி அதிகம் வருவது இறங்கும்போது. கடைசி அரை மணி நேரம் குழந்தை அசந்து தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுப்பது நல்லது. தூக்கத்தில் விழுங்குவது குறைவு. எனவே, கிளம்புமுன் காத்திருக்கும் நேரத்தில் வயிறு நிறையக் கொடுத்துவிடாமல், கொஞ்சம் பசியோடு ஏற்றுங்கள்.

அதையும் மீறி அழுகிறதா? அழட்டும். அழும்போதும் அந்தக் குழாய் திறந்து காது லேசாகும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் குன்றிப்போக வேண்டாம். முதல்முறை பறக்கும் கிராமத்து அம்மாக்கள் பலருக்கு உயரத்தை விட இந்தப் பார்வைதான் பயம். அந்த விமானத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மடியில் அழுதவர்கள்தான்.

தூங்கவைக்க என்று சளி மருந்து, தூக்க சிரப் எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. இது ஆபத்து.

இரண்டு பாதுகாப்பு விஷயங்கள். மடியில் இருக்கும் குழந்தைக்குத் தனி பெல்ட்டைப் பணிப்பெண் கொடுப்பார். அது உங்கள் பெல்ட்டோடு இணையும். ஒரே பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். திடீரெனக் குலுங்கினால் உங்கள் எடை முழுக்கக் குழந்தை மீது விழும். ஆக்ஸிஜன் முகமூடி கீழே விழும் நிலை வந்தால், முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. தாய் மனசு இதற்கு ஒப்பாது. ஆனால், நீங்கள் நினைவோடு இருந்தால்தான் குழந்தையைக் காப்பாற்ற முடியும்.

கடற்கரையில் முதல் மொட்டை

தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அதே மாதம் 7-ம் தேதிதான் திருச்செந்தூர் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது.

இறங்கியதும் நேராக மொட்டைக்கு ஓடாதீர்கள். அறையில் ஒரு தூக்கம், ஒரு பால், பிறகு மறுநாள் விடியலில் கோயில். வெயில் ஏறும் முன் மொட்டை, சந்தனம், தரிசனம், கொஞ்சம் கடல் காற்று. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் மிச்சமாவது ஒருநாள் அறை வாடகை. அந்த அலைச்சல் முழுவதையும் தாங்க வேண்டியது குழந்தைதான்.

ஊர் திரும்பியதும் வாசலிலேயே ஆயா குழந்தையை வாங்கி, சந்தனம் காய்ந்த தலையைத் தடவிப் பார்ப்பார். காதையும் தொட்டுப் பார்ப்பார்.

"ஏம்மா, அழுதானா?"

"இறங்கும்போது கொஞ்சம் அழுதான் அத்தை. பால் கொடுத்தேன், சரியாயிட்டான்."

"நான் என்ன சொன்னேன்? அழுதா பால் குடுன்னுதானே..."

விமானம் ஏறாத ஆயாவின் பாடப்புத்தகத்தில் அந்த ஒரு வரி ஏற்கெனவே இருந்திருக்கிறது. அடுத்த முறை டிக்கெட் போடும்போது அவருக்கும் சேர்த்தே போடலாம். ஜன்னல் சீட்டாகப் பார்த்து!