எட்டு ராக்கர்களும் ஒரு தண்டும்

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் உத்தரபாராவில் நின்றுபோயிற்று. ஆயினும் அதனைக் கைவிட மனமில்லாத அன்பர்கள் இன்னும் உளர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம். தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் பயணச்சீட்டுப் பதியும் குமாஸ்தாவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என நகைக்க வேண்டா. ஓய்வு நேரமெல்லாம் நமக்கு அதுவே பொழுதுபோக்கு.

அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் எட்டு வால்வுகள். அவற்றை இயக்கும் எட்டு ராக்கர்களும் ஒரே தண்டில் கோத்தவை. கிணற்றுத் துலாவைப் போல ஒரு முனை உயர மறுமுனை தாழ்ந்து வால்வை அமுக்கும். ஒருபுறம் புஷ் ராடும் மறுபுறம் வால்வு ஸ்பிரிங்கும் மேல்நோக்கித் தள்ளுவதால், தேய்மானம் தண்டின் அடிப்புறத்தில் விழுகிறது. மேலே பார்த்தால் பளபளக்கும். அடியில் நகத்தை ஓட்டினால்தான் பள்ளம் தட்டுப்படும்.

லம்பா லைனில் நம் அண்டை வீட்டுப் பெரியவரின் வண்டிக்கும் இந்நோயே கண்டது. இராமநாதபுரத்திலிருந்து கூலியாக வந்தவர், முதல் சேமிப்பில் வாங்கிய வண்டி. டாப்பெட் எத்தனை முறை சரிசெய்தும் ஓசை அடங்கவில்லை. எப்படி அடங்கும்? ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால், அளவுத் தகடு குழியின் மேலே பாலம்போல் கிடந்து பொய்க்கணக்குச் சொல்லும். பிள்ளைகளோ, பழைய இரும்புக்குப் போட்டுவிடுமாறு தொலைபேசியில் வற்புறுத்தினர்.

தண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார் ஒரு கடைக்காரர். நாம் உடன்படவில்லை. நீள்வட்டமாய்த் தேய்ந்த பழைய புஷ்ஷுக்குள் புதுத்தண்டும் ஆடத்தான் செய்யும். எண்ணெய் அவ்விடைவெளியில் வழிந்து, மற்ற ராக்கர்களுக்குக் குறையும். தண்டைத் திருப்பிப் போடலாம் என்பாரும் உண்டு. எண்ணெய்த் துளைகள் இடம் மாறிவிடுமே! சென்னைப் புதுப்பேட்டையில் மலிவாய்க் கிடைக்கும் பழைய ராக்கர்களும் வேறு தண்டில் தேய்ந்தவையே.

சென்னைக் கப்பல் வந்துசேர மூன்று நாட்களாகும். அதுவும் தினந்தோறும் இல்லை. தவறான அளவு வந்தால் மாதமொன்று வீண். எனவே தண்டைப் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து, ராக்கர்களுக்கு எண்ணிட்டு, புதுத்தண்டும் எட்டுப் புஷ்களும் சேர்த்தே வரவழைத்தோம். மிஸ்திரி ஒவ்வொரு புஷ்ஷையும் அழுத்தி ஏற்றி, எண்ணெய்த் துளையை ராக்கரின் துளைக்கு நேராக்கி, புதுத்தண்டுக்கு ஏற்பக் கடைந்தார். ராக்கர் தன் எடையில் மெல்லச் சுழலவேண்டும், பக்கவாட்டில் அசையலாகாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றினோம். எட்டாவது ராக்கரிலும் எண்ணெய் கசிவதை டார்ச் வெளிச்சத்தில் காணும்வரை, பெரியவர் மேல்மூடியைப் போட விடவில்லை.