நொத்தாரிசு கேட்ட வினா

இவ்விழா மலருக்குக் கல்லூரி நினைவொன்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். விடுதி வாழ்வு பற்றியும் விளையாட்டுப் போட்டிகள் பற்றியும் எழுதுவார் பலர் உளர். நாமோ வீடொன்று வாங்கப் புகுந்து, தமிழாசிரியர் என்ற செருக்கினால் இடறவிருந்த கதையைக் கூறுகின்றோம். இதற்கும் கல்லூரிக்கும் தொடர்புண்டு. வீட்டை விற்க முன்வந்தவர், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர்.

அஃது 2018ஆம் ஆண்டு. ஆசிரியப் பணியிற் பதினெட்டாண்டு சேர்த்த சிறுதொகை, வங்கிக் கடன், இல்லாளின் காப்புச்சோடி ஆகிய மூன்றும் ஒன்றுகூடியபோது, சொந்த வீடு என்னும் எண்ணம் துளிர்த்தது. நண்பரின் காணி நாலு பரப்பு. கல்வீடும் நன்னீர்க் கிணறும் உண்டு. பார்த்தோம்; பிடித்தது. உறுதியைக் கேட்டோம்.

“மச்சான், ஒரே வாங்கில இருந்தனாங்கள். உனக்கும் எனக்கும் இடையில பதிவு தேடுறது என்னத்துக்கு?” என்று கூறிக்கொண்டே உறுதியைத் தந்தார். எமக்கும் அது சரியெனவே தோன்றியது. நண்பரை ஐயுறுவது பண்பாகுமோ?

அது, 2005ஆம் ஆண்டிலே தாயார் மகனுக்கு எழுதிய நன்கொடை உறுதி. உறுதிகளின் தமிழ் தனித் தமிழ். ஒரு வாக்கியமே ஒன்றரைப் பக்கம் ஓடும். மாணவர் கட்டுரையைத் திருத்துவார்போல வாசித்து, பதினொரு சந்திப்பிழைகளைக் கண்டோம். நாலு பரப்பும் வீடும் மகனுக்கே என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வெள்ளைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி முற்பணம் கொடுக்க நாளுங் குறித்தோம்.

“ஒருக்கா நொத்தாரிசு ஒருவரிட்டைக் காட்டுங்கோவன்,” என்றார் இல்லாள். அவருடைய காப்பும் அதிலிருந்தமையால் மறுக்க இயலவில்லை.

நொத்தாரிசு உறுதியை ஒருமுறை வாசித்தார். “மாஸ்ரர், இது தாயாருக்கு எப்படி வந்தது?” என்று வினவினார். நாம் வாளாவிருந்தோம். அவர் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். காலஞ்சென்ற கணவர் 1974ஆம் ஆண்டில் அறுதியாக வாங்கிய காணி என்று அதிற் கண்டிருந்தது. பதினொரு பிழை கண்ட எம் கண்கள் அவ்வரியின் பொருளைக் காணவில்லை.

மூல உறுதி 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தொலைந்துவிட்டது. ஆயினும் நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வதால், அங்கே உறுதிப்படுத்திய பிரதி கிடைத்தது. தகப்பனார் மணமான பின்னர்த் தம் சம்பளத்தைக்கொண்டு வாங்கிய காணி அது. ஆகவே தேசவழமையின்படி தேடியதேட்டம். அவர் மரணசாதனம் எழுதாது 1998இல் இறந்தபோது, பாதி மனைவியைச் சேர்ந்தது. மறுபாதி பிள்ளைகள் இருவரையும் சமமாகச் சேர்ந்தது. தாயார் தம் பாதியையே கொடுத்திருக்க முடியும். நாலு பரப்பையும் எழுதியமையால் நாலு பரப்பும் மகனுக்குச் சொந்தமாகிவிடவில்லை. நண்பருக்கு முக்காற்பங்கு, கனடாவில் வாழும் தமக்கையாருக்குக் காற்பங்கு. அவர் சீதனம் எதுவும் பெறாது வெளிநாட்டிலே மணமுடித்தவர்.

நண்பர் சினந்தார். “இருபது வருசமாய் நான்தானே இருக்கிறன். பத்து வருசம் இருந்தாற் போதாதோ?” என்றார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிருரிமை ஆட்சியைக் கூறுவது மெய்யே. ஆனால் உடன்பங்காளருள் ஒருவர் குடியிருப்பது மற்றவர் சார்பாகவும் குடியிருப்பதாகவே நீதிமன்றங்கள் கொள்ளும். மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்தாலன்றிப் பத்தாண்டு தொடங்காது. தமக்கையாரின் உரிமையை நண்பர் ஒருநாளும் மறுத்தாரல்லர், அவரை நினைக்கவேயில்லை.

நாம் எழுதவிருந்த வெள்ளைத்தாளும் பயனற்றது. காணி விற்பனையும், விற்பதற்கான உடன்படிக்கையுங்கூட, நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் கையொப்பமிடப்படாவிடின் செல்லா என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மேலும் பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன், உடன்பங்காளருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். முன்வாங்கும் உரிமை பற்றி 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனை வகுத்துள்ளது. முற்பணத்தைக் கொடுத்திருந்தால், வழக்கு மன்ற வாயிலிலே எமது பதினெட்டாண்டுச் சேமிப்பும் கரைந்திருக்கும்.

மூன்று மாதம் நண்பர் எம்மோடு பேசவில்லை. பழைய மாணவர் கூட்டத்திலே வேறு வரிசையில் அமர்ந்தார். அந்த மூன்று மாதமும் எமக்குக் கசந்தன. பின்னர் ஒருநாள் தாமே தமக்கையாரோடு தொலைபேசியிற் பேசியதாக வந்து கூறினார். தமக்கையார் அழுதாராம். “தம்பி, காசைப் பற்றியில்லை. ஐயாவின்ரை வீட்டை விக்கிறதெண்டால் என்னையும் ஒருக்காக் கேட்டிருக்கலாமே,” என்றாராம்.

அடுத்த ஆடியில் அவர் கணவரோடு ஊர் வந்தார். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டுமாதலால், இருவரும் கையொப்பமிட்டனர். காற்பங்கின் விலை அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. நொத்தாரிசு தாமதியாது உறுதியைப் பதிவுக்கு அனுப்பினார். பதியாத உறுதி, அதன்பின் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதிக்குத் தோற்கக்கூடும் என்பது 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின் விதி.

வீடு வாங்க எண்ணும் இளைய பழைய மாணவருக்கு ஒன்று கூறுவோம். இது யாருடையது என்று கேட்பதோடு நில்லாதீர். அவருக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்றுங் கேளுங்கள். ஈடோ ஒற்றியோ உண்டோ, ஒழுங்கையும் கிணற்றுப் பங்கும் உறுதியிற் கண்டனவோ, வேலி நிற்குமிடமும் நில அளவையாளரின் படமும் ஒத்தனவோ என ஆராயுங்கள். வெளிநாட்டிலுள்ளவருக்காக ஒருவர் அற்றோணித் தத்துவங் கொண்டு வந்தால், கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா என அறியுங்கள். அவர் இறந்தால் அதுவும் முடிந்துபோம். இவற்றைக் கேட்பது நட்புக்கு இழுக்கன்று. கேளாமல் விட்டிருந்தால் நாம் வீட்டோடு நண்பரையும் இழந்திருப்போம். ஒரு சகோதரி, தன் தந்தையின் முற்றத்துக்கு அந்நியளாகியிருப்பாள்.

குடிபூரலன்று நண்பர் தமக்கையாரோடு வந்து, முதற்பந்தியில் எமது பக்கத்தில் அமர்ந்தார். அந்த உறுதி இப்போது எமது அலுமாரியில் இருக்கின்றது. அதிலும் நாலைந்து சந்திப்பிழைகள் உண்டு. நாம் அவற்றைத் திருத்தவில்லை.