பட்டிக்கு அடியில்

அரியலூரில் ஒரு வாகனம் எவ்வளவு காலமாக வெயிலில் நிற்கிறது என்பதை அதன் பானட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் நிறுத்திய வண்டியின் மீது மாலைக்குள் ஒரு வெண்படலம் படிந்துவிடும். பொழுதோடு துடைத்துவிட்டால் அது வெறும் தூசி. மார்கழிப் பனியில் ஓரிரவு நனையவிட்டால் காரை. சிமென்ட் கலந்த தூசி ஈரம் பட்டு இறுகி, தன் காரத்தன்மையால் மேற்பூச்சை மெல்ல அரிக்கிறது.

எங்கள் தந்தை 1992இல் வாங்கிய வெள்ளை அம்பாசிடரின் பானட் அவ்வாறே பொரிந்து போயிருந்தது. வண்டியின் பதிவெண் டி.என். 45இல் தொடங்கும், அதாவது திருச்சி. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. இவ்விரு ஊர்களுக்கும் 46, 61 என்று எண்கள் வந்த பிறகும் எங்கள் வண்டி திருச்சிக்காரனாகவே இருந்துவிட்டது. தந்தையின் மறைவுக்குப் பின் அது அரியலூர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. சகோதரர்கள் நாங்கள் இருவர். ஒருவர் பெரம்பலூரில், மற்றவர் அரியலூரில். பட்டறைக்கு விட்டால் முழு வண்டிக்கும் அடிக்க வேண்டும் என்பார்கள். பானட்டை மட்டும் கழற்றி நாங்களே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வண்ணம் அடிப்பது இவ்வேலையின் மிகச் சிறிய பகுதி என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. எண்பதாம் எண் எமரித்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வண்ணங்கள் வெளிப்பட்டன: மேலே வெள்ளை, அதன் கீழ் சாம்பல் பிரைமர், கீழே இன்னொரு வெள்ளை, அதற்கும் கீழே செங்காவி நிறம். இரண்டாவது வெள்ளை அக்காவின் திருமணத்துக்கு முன் அடித்தது என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதது இடப்பக்க முனையில் இருந்தது. அங்கே விரல் தடிமனுக்குப் பட்டி. அதை உடைத்தெடுத்தபோது தகட்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஆழமான நசுங்கல். எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டிராத ஒரு விபத்து.

பட்டியை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமாகப் போடலாகாது. தகடு வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். கனத்த பட்டி அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பில் நீர் இறங்கித் துரு பிடிக்கும். எங்கள் பானட்டில் நடந்ததும் அதுவே. தகட்டைப் பின்னாலிருந்து தட்டி நிமிர்த்தியிருக்க வேண்டிய இடத்தில் யாரோ அவசரமாகப் பட்டியால் நிரப்பி மூடியிருந்தார்கள்.

அந்த யாரோ யார் என்பதைப் பெரம்பலூரில் தெரிந்துகொண்டோம். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தொழில் செய்யும் பெயிண்டர் ஒருவரிடம் ஆலோசனை கேட்கப் போயிருந்தோம். செல்பேசியில் படத்தைக் காட்டினோம். சிறிது நேரம் பார்த்தார்.

“இது நான் போட்ட பட்டிதான் தம்பி. விடியறதுக்குள்ள முடியணும்னாரு உங்கப்பா. வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னாரு.”

“என்னண்ணே ஆச்சு?”

“அவரே சொல்லல. நான் சொன்னா நல்லாருக்குமா?”

அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. பேச்சுக்கு நடுவே அவர் இருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அதையும் கேட்கவில்லை.

நசுங்கலை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்த ஒரு முழு நாள் ஆயிற்று. எஞ்சிய சிறு பள்ளத்துக்கு மட்டும் பட்டி போட்டோம். சித்திரை வெயிலில் ஹார்ட்னர் கலந்த பட்டி சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதால், எலுமிச்சை அளவுக்கு மேல் குழைப்பது வீண். டால்க், சுண்ணாம்புத்தூள் போன்ற கனிமப் பொடிகளே பட்டியின் உடல். நிற்க, இவ்வூரின் சுண்ணாம்புக்கல் ஒரு பழங்கடலின் எச்சம். 1862இலேயே பிளான்ஃபோர்டு இப்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கைமயிரெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தக் கடலின் கரையில் இருப்பதாகவே தோன்றியது. பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பட்டி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு கொப்புளமாகக் கக்கும். பிரைமர் அடித்த பிறகுதான் வாட்டர் பேப்பர்.

அடிப்பதற்கு நாள் பார்ப்பது திருமணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கடினம். மார்கழியில் ஈரம்; தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வண்ணம் வெளிறும். ஆடியில் காற்று. சித்திரை நண்பகலில் வண்ணத்துளி தகட்டைச் சேருமுன்பே பாதி உலர்ந்து சொரசொரப்பாகும். லாரிகள் குறைந்திருந்த ஒரு ஞாயிறு அதிகாலையில் முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, வாடகைக் கம்ப்ரஸரை ஓட்டினோம். ஒரு சாண் தூரம் விட்டு, கையை வளைக்காமல், தகட்டின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும்.

எந்த வண்ணம் என்பதில்தான் எங்களுக்குள் வாதம். பழைய பட்டறைக்காரர்கள் இன்றும் ‘டூகோ’ என்றே சொல்கிறார்கள். 1923இல் அமெரிக்காவில் ஓக்லண்ட் கார்களுக்கு அடிக்கப்பட்டு, வாரக்கணக்கில் காய்ந்த வண்ணப்பூச்சைச் சில மணிநேர வேலையாக்கிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் வணிகப்பெயர் அது. பளபளப்பும் உழைப்பும் வேண்டுமென்றால் இன்று டூ-கே பாலியூரிதேன். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. புகையாய்ப் பறக்கும் அதை மூச்சில் வாங்கினால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பின்னர் மிகச் சிறிதளவே போதும், மூச்சு அடைக்கும். துணி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து தனிக் குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். “வீட்ல அது வேணாம் தம்பி, புள்ளைங்க இருக்கு” என்று பெயிண்டர் முன்பே சொல்லியிருந்தார். லேக்கரையே அடித்தோம், அதற்கும் கரிவடிகட்டி வைத்த முகமூடி அணிந்துகொண்டு.

வண்ணத்தில் ஏழெட்டுத் தூசிகள் உட்கார்ந்திருந்தன. மென்மையான வாட்டர் பேப்பரும் கம்பவுண்டும் போட்டதில் ஐந்து போயின.

மறுவாரம் பானட்டை மாட்டி வண்டியைப் பெரம்பலூருக்கு ஓட்டிப் போனோம். பெயிண்டர் இடப்பக்க முனையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்தினார். “தட்டி எடுத்துட்டீங்க” என்றார். பிறகு, “மாஸ்க்கு போட்டுக்கிட்டீங்களா?” என்று கேட்டார். போட்டோம் என்றோம். தலையசைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, காத்திருந்த பள்ளி வேனின் கதவுக்கு டூ-கே அடிக்கப் போனார்.